இடிந்த வீடும் சரியான காகிதங்களும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டு காரியத்திலும் பணம் எப்படிக் கரையும் என்பதை அனுபவித்துச் சொன்ன வார்த்தை அது. நான் படித்த தமிழ்க் கதைகளிலும் வீடு கட்டுவது என்றால் பெரும்பாலும் இந்த ஒரே பொருள்தான். கடன் வாங்குகிறார்கள், மனைவியின் வளையலை அடகு வைக்கிறார்கள், அண்ணன் தம்பிகளுக்குள் மனஸ்தாபம் வருகிறது, கடைசியில் கிருகப்பிரவேசம் நடக்கிறது அல்லது நடக்காமலே போகிறது. கட்டிய வீடு நிற்குமா, விழுமா என்ற சந்தேகம் மட்டும் அந்தப் பாத்திரங்களுக்கு வருவதில்லை. சுவர் என்று ஒன்று இருந்தால் அது நிற்கும் என்பது ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே பேசாமலே ஏற்பட்ட ஓர் உடன்பாடு.

பட்டணங்களில் இருக்கும் நம்மில் பலர் இப்போது மண்ணின் மேல் வசிக்கவில்லை. இன்னொருவர் வீட்டுக் கூரையின் மேல் வசிக்கிறோம். நம் தலைக்கு மேலே மூன்று குடும்பங்கள், காலுக்குக் கீழே நான்கு குடும்பங்கள். இவ்வளவு பேரையும் தாங்கி நிற்கிற தூணுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலேயே இருபது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு சமூகத்தின் பெரிய பயம் ஒன்று அதன் கதைகளில் இடம் பெறவில்லை என்றால், காரணத்தை யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த யோசனைக்கு என்னைத் தூண்டியது ஓர் இத்தாலியப் படம். பிரான்செஸ்கோ ரோசி என்ற டைரக்டர் 1963-இல் எடுத்தது. 'நகரத்தின் மேல் கைகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் என்ற முதல் பரிசு அதற்குக் கிடைத்தது. திரைக்கதையில் ரோசியுடன் சேர்ந்து வேலை செய்தவர்களில் ஒருவர் ரஃபாயேலே லா காப்ரியா. நேப்பிள்ஸ் நகரத்தைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற நாவலாசிரியர். அண்மையில் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். சினிமாவின் நுட்பங்களை விவரிக்க எனக்குத் தகுதி கிடையாது. கதை எழுதுகிறவன் என்ற முறையில், அதன் கதையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

படம் ஒரு வெட்டவெளியில் ஆரம்பிக்கிறது. நொத்தோலா என்ற கட்டடக் காண்டிராக்டர் தன் கூட்டாளிகளுக்கு ஊருக்கு வெளியே உள்ள விளைநிலத்தைக் காட்டுகிறான். ஊரை எந்தத் திசையில் வளர்ப்பது என்று நகரசபை தீர்மானித்தால் போதும். தெருவையும் தண்ணீரையும் விளக்கையும் சர்க்கார் செலவில் அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டால், இன்று சல்லிக் காசுக்குப் பெறாத நிலம் பொன்னாகிவிடும். தொழிற்சாலை வைத்தால் தொழிலாளி தகராறு உண்டு, போட்டி உண்டு. இதில் ஒன்றும் கிடையாது என்று அவன் விளக்குகிறான். அந்த நகரசபையில் அவனும் ஓர் அங்கத்தினன். ராட் ஸ்டைகர் என்ற அமெரிக்க நடிகர் இந்த வேஷத்தை ஏற்றிருக்கிறார். அவர் முகத்தில் கொடுமை எதுவும் தெரியவில்லை. வியாபாரத்தில் கருத்துள்ள, ஓயாமல் உழைக்கிற ஒரு மனிதனின் முகம்தான் தெரிகிறது.

அடுத்து, நகரத்தின் பழைய பகுதியில் ஒரு குறுகலான சந்து. பக்கத்து மனையில் நொத்தோலாவின் கம்பெனி வானம் தோண்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டி நிற்கிற பழைய குடியிருப்பின் சுவர் ஒரு பக்கமாகச் சரிந்து தெருவில் விழுகிறது. இரண்டு பேர் சாகிறார்கள். ஒரு சிறுவன் முடமாகிறான். வேலையை மேற்பார்த்த எஞ்சினீயர் நொத்தோலாவின் மகன். அவன் தலைமறைவாகிறான். நகரசபையில் கூச்சல் எழுகிறது. இடதுசாரி அங்கத்தினர் டி வீட்டா பிடிவாதம் பிடிக்கவே, ஒரு விசாரணைக் கமிட்டி போடுகிறார்கள்.

இந்தக் கமிட்டி இலாகா இலாகாவாகப் போகிறது. பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கொடுத்தது யார்? ஓர் அதிகாரி கோப்பை எடுத்துக் காட்டுகிறார்: எங்கள் பங்கு இவ்வளவுதான், கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. மீதி அடுத்த இலாகா. அங்கே போனால் அங்கேயும் கோப்பு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. ஒவ்வொரு காகிதமும் சரியாக இருக்கிறது. வீடு மட்டும் விழுந்து கிடக்கிறது. இதற்கிடையில், இடிந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள வீடுகளும் அபாயமானவை என்று அறிவித்துப் போலீசார் குடியிருந்தவர்களைக் கட்டாயமாக வெளியேற்றுகிறார்கள். ஜனங்களைக் காப்பாற்றுவதற்காக எடுத்த நடவடிக்கை. ஆனால் காலியாகிற மனை யாருக்கு உதவும் என்று யோசித்தால் நமக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு தேர்தல் வருகிறது. வலதுசாரிக் கட்சி நொத்தோலாவை இந்தத் தடவை ஒதுங்கியிருக்கச் சொல்கிறது. அவன் தன் ஆட்களோடு நடுநிலைக் கட்சிக்குத் தாவிவிடுகிறான். அந்தக் கட்சியில் மனச்சாட்சி உள்ள ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் முணுமுணுக்கிறார், கட்சித் தலைவர் அவருக்குப் பெரிய காரியங்களின் அவசியத்தை எடுத்துச் சொல்லி அடக்குகிறார். முடிவில், எந்தப் பதவிக்கு நொத்தோலா வரக்கூடாதோ அந்தப் பதவிக்கே, நகரத்தின் கட்டட நிர்வாகத்தைக் கவனிக்கும் பொறுப்புக்கே, வந்து சேருகிறான். ஊருக்கு வெளியே அந்த விளைநிலத்தில் புதிய குடியிருப்புக்கு அஸ்திவார விழா நடக்கிறது. மந்திரி வருகிறார், மதகுரு ஆசீர்வதிக்கிறார், இயந்திரம் முதல் அடியைப் பூமியில் இறக்குகிறது. படம் முடிகிறது.

கதையாகப் பார்த்தால் இதில் நாம் எதிர்பார்க்கிற ஒரு விஷயம் இல்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. குற்றவாளிக்கு மனம் உறுத்தவில்லை. இது சின்ன வித்தியாசம் அல்ல.

இதே விஷயத்தை மேல்நாட்டு நாடகாசிரியர்கள் முன்பே தொட்டிருக்கிறார்கள். இப்சன் 1877-இல் எழுதிய 'சமூகத்தின் தூண்கள்' நாடகத்தில் பெர்னிக் என்ற பெரிய மனிதர் கப்பல் பட்டறை வைத்திருக்கிறார். அடிப்பலகை உளுத்துப்போன ஒரு கப்பலை அரைகுறையாகப் பழுது பார்த்துக் கடலுக்கு அனுப்பத் துணிகிறார். பிறகுதான் தன் சிறு பையனே அந்தக் கப்பலில் ஒளிந்து ஏறிவிட்டான் என்று தெரிகிறது. துடித்துப்போகிறார். கப்பல் நிறுத்தப்பட்டுப் பையன் பிழைக்கிறான். அவரும் ஊரார் முன்னிலையில் தம் பழைய குற்றங்களை ஒப்புக்கொள்கிறார். ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' நாடகம் 1947-இல் மேடையேறியது. அதில் யுத்த காலத்தில் வெடிப்பு விழுந்த எஞ்சின் பாகங்களை விமானங்களுக்கு அனுப்பிவிடுகிறார் ஜோ கெல்லர் என்ற தொழிலதிபர். இருபத்தொரு விமானிகள் சாகிறார்கள். தம் சொந்த மகனும் இதனாலேயே உயிரை விட்டான் என்று தெரிந்தபின் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார்.

இரண்டும் சிறந்த நாடகங்கள். ஆனால் இரண்டிலும் ஒரே யுக்தி இருப்பதைக் கவனிக்க வேண்டும். அயலார் பிள்ளைகள் ஆபத்தில் இருக்கும்வரை மனச்சாட்சி தூங்குகிறது. சொந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டதும் விழிக்கிறது. நாடகத்துக்கு இது மிகவும் சௌகரியம். உளுத்த பலகை குற்றவாளியின் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது. முன்வினை பின்னே வரும் என்று வளர்ந்த நமக்கும் இதில் திருப்தி.

ரோசியின் படத்திலும் மகன் இருக்கிறான். எஞ்சினீயரே அவன்தான். வேறொருவராக இருந்தால் அப்பனும் மகனும் நேருக்கு நேர் நின்று பேசுகிற ஒரு பெரிய கட்டத்தை வைத்து அழ வைத்திருப்பார். ரோசி அந்த மகன் பின்னால் போக மறுக்கிறார். விழுந்த வீடு நொத்தோலாவின் வீடு அல்ல, அவன் தெருவும் அல்ல. உண்மையில் இப்படித்தான் நடக்கிறது. பலவீனமான கட்டடம் கட்டியவன் தலையில் விழுவதில்லை. அதில் அவன் குடியிருப்பதே இல்லை. இந்த ஓர் உண்மையைக் கடைசிவரை மறைக்காமல் சொன்னதுதான் இந்தப் படத்தின் பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம்.

படத்தில் நினைவை விட்டு அகலாத கட்டம் ஒன்று உண்டு. நகரசபையில் டி வீட்டா குற்றம் சாட்டும்போது, எதிரே உள்ள அங்கத்தினர்கள் எழுந்து தங்கள் கைகளை உயர்த்திக் காட்டுகிறார்கள்: எங்கள் கைகள் சுத்தம், சுத்தம் என்று கூச்சலிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் அந்தக் கட்டத்தின் பயங்கரம். பணத்தை எண்ணி வாங்கியவர்கள் அவர்களில் சிலராகவே இருக்கலாம். மற்றவர்கள் ஓட்டுப் போட்டார்கள், ஒத்தி வைத்தார்கள், பேசாமல் இருந்தார்கள். டி வீட்டாவாக நடித்த கார்லோ பெர்மரியெல்லோ தொழில்முறை நடிகர் அல்லர். அந்த நேப்பிள்ஸ் நகரசபையில் உண்மையாகவே அங்கத்தினராக இருந்தவர். அவர் குரலில் உள்ள களைப்பு நடிப்பினால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இது அரசியல் பிரசாரத்துக்காக மிகைப்படுத்திய கதை என்று சிலர் சொல்லலாம். காகிதம் சரியாக இருக்கும்போதே கட்டடம் விழும் என்பது மிகைதானா என்று பார்ப்போம்.

தென் கொரியாவின் தலைநகரான சியோலில் ஸாம்பூங் என்ற பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. 1995 ஜூன் 29 மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், கூட்டம் நிறைந்திருந்த வேளையில், அதன் ஒரு பகுதி முழுவதும் சில வினாடிகளில் அடுக்கடுக்காக இறங்கித் தரைமட்டமாயிற்று. 502 பேர் மாண்டார்கள். அன்று பூகம்பம் இல்லை, புயல் இல்லை, வெடிகுண்டும் இல்லை. நாலு மாடி என்று போட்ட திட்டத்தில் ஐந்தாவது மாடி சேர்ந்தது. முதலில் வேலையை ஏற்ற கம்பெனி இந்த மாறுதல்களுக்குச் சம்மதிக்கவில்லை. அதை விலக்கிவிட்டு உரிமையாளரின் சொந்தக் கம்பெனியே கட்டி முடித்தது. எண்பது சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டிய தூண்கள் அறுபதாகச் சுருங்கின. ஐந்தாம் மாடியில் ஹோட்டல்கள் வந்தன. அவற்றின் தளத்தைச் சூடாக்கும் அமைப்பு அதன்மேல் கனத்த பாரமாக ஏறியது. குளிர்சாதன இயந்திரங்களின் இரைச்சலைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்யவே, 1993-இல் மொட்டைமாடியில் அவற்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இழுத்து மாற்றினார்கள். தளம் அப்போதே வெடித்தது. விழுந்த நாளன்று காலையிலேயே மேல்மாடியில் விரிசல்கள் பெருகிவிட்டன. நிர்வாகிகள் கூடிப் பேசினார்கள். மேல்மாடியை மட்டும் மூடிவிட்டு, வியாபாரம் நடக்கட்டும் என்று விட்டார்கள்.

இதில் எந்தக் காரியம் கொலை? நாலு ஐந்தாவதா, எண்பது அறுபதாவதா, இயந்திரத்தை இழுத்ததா, காலையில் கதவை மூடாததா? ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சமாதானம் சொல்லக்கூடியதாக இருந்திருக்கும். கட்டடத்துக்குப் பாதுகாப்பு விதிகள் வகுக்கிறவர்கள், வரவேண்டிய பாரத்தைவிட அதிகமான பாரத்தைத் தாங்கும்படியே தூணைக் கணக்கிடுகிறார்கள். மனிதன் தவறு செய்வான், பொருள் சற்று மட்டமாக இருக்கும் என்று தெரிந்தே வைத்த சேமிப்பு அது. அந்தச் சேமிப்பிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தபோதெல்லாம் கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது. நின்றதையே அத்தாட்சியாக வைத்து அடுத்தவன் இன்னும் கொஞ்சம் எடுத்தான்.

துருக்கியில் நடந்தது இதைவிடத் துலக்கமான உதாரணம். விதிகளை மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் கொடுக்கும் திட்டம் ஒன்று 2018-இல் அங்கே தேர்தலை ஒட்டி வந்தது. அதன் பெயரிலேயே 'சமாதானம்' என்ற சொல் இருந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று பூகம்பம் வந்து, அந்த நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பூமியின் பலத்தால் விழுந்தவை எத்தனையோ இருக்கும். ஆனால் அங்கீகாரக் காகிதம் எந்தத் தூணுக்குள்ளும் ஒரு கம்பியைக் கூடுதலாக வைக்கவில்லை. அயல்நாட்டைப் பற்றித்தானே என்று நாம் ஆறுதல் கொள்ள இடமில்லை. நம் மாநிலத்திலும் விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் சட்டப் பிரிவு 1998-இல் வந்தது. அதற்குப் பிறகும் அப்படிப்பட்ட ஏற்பாடுகள் வந்தன. அவற்றுக்காக மனுப் போட்டவர்கள் எல்லாம் நொத்தோலாக்களா? பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். மகனுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஓர் அறை, வாடகை வரட்டும் என்று இன்னொரு மாடி.

எல்லோரும் குற்றவாளிகள் என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸாம்பூங் வழக்கில் நீதிமன்றம் அப்படி மயங்கவில்லை. அதன் தலைவருக்கும் மகனுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. லஞ்சம் வாங்கிக்கொண்டு அனுமதித்த அதிகாரிகளும் தண்டனை பெற்றார்கள். ரோசியும் மயங்கவில்லை. நொத்தோலாவுக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்து அவன்மேல் விரலை நீட்டியிருக்கிறார். ஆனால் அந்த ஒருவனை ஜெயிலில் போட்டுவிட்டால் அடுத்த வீடு விழாது என்று நினைக்க நம்மை அவர் விடுவதில்லை. நீதிமன்றம் செய்யக்கூடியது முதலாவது காரியம். இரண்டாவது காரியத்தைக் கதைதான் செய்ய முடியும்.

நம் சினிமாவும் தொடர்கதையும் பழக்கமாகக் காட்டுகிற காண்டிராக்டரை நினைத்துப் பாருங்கள். பத்து விரலிலும் மோதிரம், பட்டுச் சட்டை, சிமெண்டில் மணலைக் கலந்துவிட்டு உரக்கச் சிரிப்பான். இவனைப் பார்த்ததும் வாசகருக்கு நிம்மதியாகிவிடுகிறது. நாம் மோதிரம் போடவில்லை, நாம் இப்படிச் சிரிப்பதில்லை, ஆகவே இந்தக் கதை நம்மைப் பற்றியதல்ல. வில்லனைப் படைக்கும்போது நாம் வாசகருக்குத் தப்பிக்க ஒரு வாசலையும் திறந்து வைத்துவிடுகிறோம்.

இந்தியாவில் இந்த விஷயத்தைத் தைரியமாகத் தொட்ட இரண்டு படங்கள் அடுத்தடுத்த வருஷங்களில் வந்தன. இரண்டும் ஹாஸ்யப் படங்கள். குந்தன் ஷாவின் ஹிந்திப் படம் 'ஜானே பி தோ யாரோ' 1983-இல் வந்தது. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் இரண்டு அப்பாவி இளைஞர்கள் ஒரு கட்டட முதலாளியின் மோசடிக்கும் கமிஷனரின் கொலைக்கும் சாட்சியம் சேர்க்கிறார்கள். செத்த கமிஷனரின் பெயரை வைத்த பாலமும் விழுகிறது. கடைசியில் பகைவர்கள் எல்லோரும் சமாதானமாகி, பழி அந்த இளைஞர்கள் தலையிலேயே விடிகிறது. கே. ஜி. ஜார்ஜின் மலையாளப் படம் 'பஞ்சவடிப் பாலம்' 1984-இல் வந்தது. உறுதியாக நிற்கிற பழைய பாலத்தைப் பலவீனமானது என்று சொல்லி இடித்து, காண்டிராக்டுக்காகவே புதுப் பாலம் கட்டுகிறார்கள். அது விழுகிறது. ஏன் இரண்டு பேரும் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஹாஸ்யத்தில் பாத்திரங்களுக்கு மனச்சாட்சி உறுத்த வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. அதனால் கூட்டுக் கொள்ளையின் இயக்கத்தை உள்ளபடியே காட்ட முடிகிறது. அழுகைக் கதையில் நாம் சொல்லத் தயங்கிய உண்மையைச் சிரிப்புக் கதை சொல்லிவிட்டது.

இவ்வளவு பாராட்டிய பிறகு, ரோசியின் படத்தில் எனக்குக் குறையாகத் தோன்றுவதையும் சொல்ல வேண்டும். அதில் வீடு கட்டுகிறவர்கள் இல்லை. நகரசபை அங்கத்தினர் பேசுகிறார்கள், அதிகாரி பேசுகிறார், கட்சித் தலைவர் பேசுகிறார். சந்தில் கூடி அழுகிற பெண்கள் உண்டு. அவர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். வானம் தோண்டிய கூலியாளுக்குப் பக்கத்துச் சுவர் ஆடியது தெரிந்திருக்காதா? தெரிந்து யாரிடமாவது சொன்னானா? சொன்னால் மறுநாள் அவனுக்கு வேலை இருந்திருக்குமா? படம் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. இப்சன் எழுப்பினார். அவர் நாடகத்தில் ஔனே என்று ஒரு பட்டறை மேஸ்திரி வருகிறான். கப்பலின் அடிப்பலகை உளுத்தது என்று அவனுக்குத் தெரியும். குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். அந்த இரண்டுக்கும் இடையே அவன் படுகிற வேதனையை, 1877-இலேயே ஒரு நாடகாசிரியர் மேடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு கட்டடத்துக்குத் தூண் வார்த்துக்கொண்டிருந்தபோது, கலவையில் இவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று அந்த மேஸ்திரியைக் கேட்டேன். "தண்ணி பத்தலேன்னா கம்பி சந்துலே கலவை இறங்காது ஸார். இருட்டுறதுக்குள்ளே முடிக்கணும்" என்றார். கல்லூரிப் படிப்பை இன்டர்மீடியட்டோடு நிறுத்திக்கொண்ட எனக்கு அதன் விஞ்ஞானம் அப்போது தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சிமெண்டுக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஊற்றுகிற தண்ணீர் பிறகு வெளியேறிக் காங்கிரீட்டுக்குள் நுண்ணிய ஓட்டைகளை விட்டுச் செல்கிறது. அந்த அளவுக்கு அதன் பலம் குறைகிறது. கலவையை இளக்குவதற்கு வேறு மருந்துகள் உண்டு, அவற்றுக்குக் காசு வேண்டும். வார்த்த காங்கிரீட்டை ஏழு நாளாவது ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். அதே கலவையில் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் செய்து, இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். அந்த முடிவு வருவதற்குள் அநேகமாக மேல்மாடி எழும்பிவிடுகிறது. கட்டி பலவீனம் என்று தெரிந்தால், மாடியை இடிக்க எவருக்கு மனம் வரும்? பரீட்சைக் காகிதத்தில் எண்ணைத் திருத்துவது அதைவிடச் சுலபம்.

அந்த மேஸ்திரி லஞ்சம் வாங்கவில்லை. திருடவில்லை. இருட்டுவதற்குள் முடித்தால்தான் அவருடைய ஆட்களுக்கு அன்றைய கூலி கணக்காகும். அவசரம் அவருடையது அல்ல. மேலே இருந்து வந்தது. மேலே இருந்தவருக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. வீடு வாங்க முன்பணம் கட்டிய நம்மைப் போன்றவர், எப்போது சாவி கொடுப்பீர்கள் என்று வாரந்தோறும் டெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தார். பூச்சு வேலை முடிந்ததும் இவை எல்லாமே கண்ணுக்கு மறைந்துவிட்டன. நாம் வந்து பார்த்தது குளியலறை ஓட்டின் வண்ணத்தை.

சென்னைக்கு அருகில் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று மாலை, மழை பெய்துகொண்டிருந்த சமயத்தில், கட்டி முடியும் தறுவாயில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். மின்னல் தாக்கியிருக்கலாம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். பக்கத்தில் ஜோடியாக நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் காட்சியை வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடினார்கள். ஆனால் இறந்த 61 பேரும் யார்? வீடு வாங்கியவர்கள் அல்லர். இன்னும் எவரும் குடிவரவில்லை. இறந்தவர்களில் அநேகர் அங்கே வேலை செய்தவர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கூலிக்காரர்கள். பலவீனமான கட்டடம் கட்டியவன் தலையில் விழுவதில்லை என்று மேலே எழுதினேன். கட்டியவன் என்றால் யார் என்பதைப் பொறுத்தது அது. கலவை சுமந்தவர்கள் தலையில் அது விழுந்தது.

இவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு நல்ல நாவல் இருக்க வேண்டும். பணக்காரக் காண்டிராக்டரைத் திட்டுகிற நாவலை நான் கேட்கவில்லை. ஒரு தூணின் கதையை நான் கேட்கிறேன். மண்ணைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவரிலிருந்து, கம்பி வளையங்களைச் சற்று அகலமாக வைத்துக் கட்டியவன், தண்ணீர் ஊற்றியவள், பார்க்காமலே பார்த்ததாக எழுதிய இளம் எஞ்சினீயர், கோப்பை நகர்த்தியவர், சாவிக்கு அவசரப்பட்ட குடும்பத் தலைவர் வரைக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் போய், அவரவருக்கு அன்று என்ன நெருக்கடி என்று பரிவோடு சொல்ல வேண்டும். அதே சமயம் அவரவர் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று ஒளிக்காமல் கணக்கும் எழுத வேண்டும். பரிவு மட்டும் இருந்தால் அது மன்னிப்பாகிவிடும். கணக்கு மட்டும் இருந்தால் கமிட்டி அறிக்கையாகிவிடும். ரோசி கணக்கைப் பிரமாதமாக எழுதினார். பரிவு நாவலுக்கு உரிய வேலை. அதை அவர் நமக்கு மிச்சம் வைத்திருக்கிறார்.

அந்த நாவல் வரும்வரையில், வீடு வாங்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கலாம். இந்தப் படத்தைக் குடும்பத்தோடு ஒருமுறை பாருங்கள். பிறகு போய், ஓட்டின் வண்ணத்தைக் கேட்பதற்கு முன்னால், இருபத்தெட்டாம் நாள் கட்டியை நசுக்கிப் பார்த்த காகிதத்தைக் கேளுங்கள். காகிதத்தைக் கொடுத்தால், அதில் கையெழுத்துப் போட்ட எஞ்சினீயரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய தூணை மறுநாள் காலையில் வார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அந்த மேஸ்திரிக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.